மைக் செட்காரர் வீட்டு ஹெட்போன்

எங்க தெருவுக்கு எங்க வீட்டைப் பத்தித் தெரியாதது எதுவும் கிடையாது. ரசத்துக்குப் புளி பத்தலன்னா தெருவுக்குத் தெரியும். மகளுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சது, மகளுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தெருவுக்குத் தெரியும். எனக்கு மூலம் வந்து நான் பட்ட பாடு அன்னவாசல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. நான்தான் கத்திச் சொன்னேன். கத்தினாத்தானே எங்க வீட்டுக்காரருக்குக் கேக்கும்.

அவரு மைக் செட் வச்சிருக்காரு. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருசம், தொழிலுக்கு அதுக்கும் மேல. காதுகுத்து, சடங்கு, திருவிழா, கட்சிக் கூட்டம், துட்டி கேக்கற எழவு வீடு எதுன்னாலும் அவருதான். விராலிமலையிலேருந்து திருவரங்குளம் வரைக்கும் அவரு குழாய் ஸ்பீக்கர் கட்டாத மரம் கொறைச்சல். அந்தக் குழாய்க்குக் கீழயே நின்னு, ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்துலயே படுத்து, காது ரெண்டும் போச்சு. முழுசாப் போகல, அதுதான் வம்பு. முழுசாப் போயிருந்தா கையைக் காட்டிப் பேசியாவது பழகியிருப்போம். இது அரைகுறை. ஃபேன் ஓடினாக் கேக்காது. மிக்ஸி ஓடினாக் கேக்காது. ரோட்டுல ஜல்லி லாரி போச்சுன்னா பக்கத்துல நின்னு பேசினாலும் கேக்காது. "பேச்சு வருது, மண்ணும் அரிசியும் கலந்து வருது, எதைப் பொறுக்கறது?" அப்பிடிம்பாரு.

எங்களது சுவரோட சுவர் ஒட்டின வரிசை வீடு. இங்கிட்டு இருமினா அங்கிட்டு தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க. முன் அறையில என் தையல் மெஷின் கெடக்கு. ஊருல பாதிப் பொம்பளைங்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். அளவு எடுக்க நாடாவைச் சுத்தறப்பத்தான் பொம்பளைங்களுக்கு மனசு தொறக்கும். மாமியா சண்டை, புருசன் குடி, நாள் தள்ளிப்போனது, தள்ளிப்போகாதது, எல்லாத்தையும் காதோட காதா சொல்லிட்டுப் போயிருவாங்க. எங்கிட்டேருந்து ஒரு வார்த்தை வெளிய போனதில்ல.

ஆனா நான் எம் புருசன்கிட்ட மெதுவா ஒரு வார்த்தை பேசி எத்தனையோ வருசம் ஆச்சு. எழுதறதுக்கே வெக்கமா இருக்கு. கத்திச் சொல்லக்கூடியதை மட்டுந்தான் நாங்க ரெண்டு பேரும் பேசினோம். சாப்பிட வாங்க. கேஸ் தீந்துபோச்சு. ஒங்க தங்கச்சி போன் பண்ணுச்சு. கத்திச் சொல்ல முடியாதது எல்லாம் எனக்குள்ளயே கெடந்துச்சு.

அப்பிடிக் கெடந்ததுல ஒண்ணு, ஒரு கட்டி. ஆடி மாசத்துல ஒருநாள் குளிக்கிறப்ப எடது மாருல கையில தட்டுப்பட்டுச்சு. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி கிலி ஒண்ணும் இல்ல. வலி இல்லாததுதான் பயம்னு எனக்கே தெரியும். போன வருசம் அளவு குடுக்க வந்த ஒரு புள்ள இதே மாதிரி சொன்னப்ப, 'நாளைக்கே டாக்டரைப் பாரு, தள்ளிப்போட்ட, நானே வந்து ஒன்னைய அடிப்பேன்'னு சொல்லி அனுப்பினவ நான். ஊருக்குத்தானே உபதேசம்.

தனியாப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. போகல. பயம், அவ்வளவுதான். அவருகிட்டச் சொல்லணும், அவரு கூட வரணும். ஆனா எப்பிடிச் சொல்றது? மாருல கட்டின்னு நடு வீட்டுல நின்னு கத்தவா? வாட்ஸ்அப்புல எழுதலாம்னா, அவரு போனு ஊருப் போனு. ஆர்டர் குடுக்க வர்றவன், லைட்டு கட்ட வர்றவன், எல்லாரு கையிலயும் இருக்கும். போன்ல பேசலாம்னா, ஸ்பீக்கர்ல போட்டாத்தான் அவருக்குக் கேக்கும். வண்டியில பின்னாடி ஒக்காந்து சொல்லலாம்னா, வண்டியில அவருக்கு ஹாரன் சத்தங்கூட விழாது. மகள்கிட்டச் சொன்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு அழுதுக்கிட்டே தெருவுல வந்து இறங்குவா. ஆடி போச்சு, ஆவணி போச்சு, புரட்டாசியும் போச்சு. கட்டி போகல.

காது மெஷின் வைக்கச் சொல்லலயான்னும் கேப்பீங்க. புதுக்கோட்டை டாக்டர் சொன்னாரு, மகள் சொன்னா, நான் சொன்னேன், கத்தித்தான். "மைக் செட்காரன் காதுல மெஷினை மாட்டிக்கிட்டு நின்னா எவன் ஆர்டர் குடுப்பான்? செவிடன் செட்டுன்னு பேரு வச்சிருவானுங்க" அப்பிடின்னுட்டாரு. அதுல நியாயம் இல்லாம இல்ல. எங்க ஊர்க்காரங்க பட்டப்பேரு வைக்கறதுல கெட்டிக்காரங்க. ஒரு தடவை வச்சா அது பேரன் காலத்துக்கும் நிக்கும்.

ஐப்பசியில தீபாவளிக்கு மகள் வந்தா. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை பாக்குறா. வந்தவ ஒரு கறுப்பு டப்பாவ அப்பா மடியில வச்சா. உள்ள ஒரு ஹெட்போன். வயர் கெடையாது. காதை முழுசா மூடற மாதிரி ரெண்டு பக்கமும் மெத்து மெத்துனு இருந்துச்சு. "அப்பா, நீங்க டிவி வைக்கிற சத்தத்துல பக்கத்து வீட்டுல புள்ளைங்க படிக்க முடியலயாம். இனிமே இதை மாட்டிக்கிட்டுப் பாருங்க. வெளிச் சத்தத்தை எல்லாம் இது அமுக்கிரும்"னா.

"அமுக்கிருமா? எப்பிடி அமுக்கும்?" தொழில்காரரு இல்லயா, விடுவாரா. இதுக்குள்ள சின்னச் சின்ன மைக்கு இருக்கு, அது வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதுக்கு நேர் எதிரா இன்னொரு சத்தத்தை உண்டாக்கி ரெண்டையும் இல்லாம ஆக்கிரும்னு மகள் கத்திக் கத்தி வெளக்கினா. அதைத் தெருவும் கேட்டுக்கிச்சு. அவரு நம்பல. நேராக் கொல்லைக்குப் போயி, திருவிழாவுக்குக் கொண்டுபோற டீசல் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணாரு. அது கெளம்புச்சுன்னா கூரையில இருக்க ஓடு ஆடும். அதுக்குப் பக்கத்துல நின்னு ஹெட்போனை மாட்டினாரு. கழட்டினாரு. மாட்டினாரு. திரும்பக் கழட்டினாரு. பத்துத் தடவையாவது இருக்கும். அப்பறம் மாட்டிக்கிட்டு அப்பிடியே நின்னுட்டாரு. கண்ணுல தண்ணி. கேட்டதுக்குப் பொகைன்னாரு.

போன் வந்தாலும் அதுலயே பேசிக்கலாம்னு மகள் அதை அவரு போனோடயும் சேத்துவிட்டா. அன்னையிலேருந்து அது அவரு கழுத்தை விட்டு எறங்கல. ஊரும் ஒண்ணும் கேலி பண்ணல. "அண்ணே, டிஜே ஆயிட்டீங்க போல"ன்னு டீக்கடையில கேட்டிருக்காங்க. மூணு புது ஆர்டர் வந்துச்சு. காதுல மெஷினு மாட்டினாச் செவிடன், ஹெட்போனு மாட்டினா டிஜே. எங்க ஊரு நியாயம் அப்பிடி.

எனக்கு மொதல்ல எரிச்சல்தான் வந்துச்சு. கேக்காத காதுக்கு மூடி ஒண்ணுதான் கொறைச்சல்னு மொணங்கினேன். முன்ன கத்தினாவது திரும்புவாரு. இப்ப அதுவும் இல்ல. துணி வெட்டற மரஸ்கேலை எடுத்து முதுகுல ஒரு போடு போட்டாத்தான் ஆளு திரும்புவாரு.

ஒரு வாரம் போயிருக்கும். நான் ஒரு பொண்ணுக்கு ஜாக்கெட்டைப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன், வாயில நாலு குண்டூசி. வெள்ளை நூலு தீந்துபோச்சு. அவரு கொல்லைக் கொட்டகையில வயரைச் சுத்திக்கிட்டிருந்தாரு. கத்த முடியாதுல்ல, குண்டூசி தொண்டைக்குள்ள போயிரும். போனை எடுத்து அடிச்சு, பல்லுக்கு நடுவுலயே சொன்னேன். "ஏங்க, கடைக்குப் போயி வெள்ளை நூலு ஒரு கண்டு வாங்கிட்டு வாங்க."

கொல்லையிலேருந்து சத்தம் வந்துச்சு. "ஒண்ணு போதுமா, ரெண்டா வாங்கட்டா?"

எனக்குக் கை நின்னுபோச்சு. வெளிய லாரி ஓடுது, பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடுது, நான் பேசினது எனக்கே சரியாக் கேக்கல. அவருக்குக் கேட்டிருக்கு. அந்தப் பொண்ணு போற வரைக்கும் பொறுத்திருந்து, திரும்பவும் அடிச்சேன். இன்னும் மெதுவா, மூச்சு விடற மாதிரிச் சொன்னேன். "நேத்துக் கறிக்கொழம்புல உப்பு கூடிப்போச்சு. நீங்க சொல்லாமத் தின்னுட்டுப் போயிட்டீங்க."

"கூடத்தான் இருந்துச்சு, சொன்னா ஒன் மொகம் வாடிரும்னு சொல்லல" அப்பிடின்னு அங்கேருந்து பதில் வந்துச்சு. நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

நான் மெஷின் மேல தலையை வச்சு அழுதேன். உப்புக்கு அழல. எத்தனையோ வருசத்துக்கப்பறம் அவருகிட்ட நான் மெதுவாச் சொல்லி அவரு காதுல விழுந்தது அன்னைக்குத்தான்னு நெனச்சேன், அழுக வந்துருச்சு. மண்ணையும் கல்லையும் தள்ளிட்டு அரிசியை மட்டும் அவரு காதுல கொண்டுபோயிச் சேத்துருக்கு அந்தச் சாமான்.

ஆனா ஒரு சங்கடம் இருந்துச்சு. காதை மூடியிருக்கறதால அவரு பேசறது அவருக்கே கேக்கல. அதனால முன்னை விடச் சத்தமாப் பேசினாரு. எதிர்வீட்டு மதினி தைக்கக் குடுத்த துணி மட்டமான துணி, சாயம் போகும்னு நான் கமுக்கமாச் சொல்ல, "சாயம் போகுமா, அப்பத் திருப்பிக் குடுத்துரு"ன்னு அவரு முழங்க, மதினி வாசல்ல நின்னுச்சு. பத்து நாளு எங்கிட்டப் பேசல.

அதனால ஒரு ஏற்பாடு பண்ணோம். போன்ல நான் பேசறப்ப அவரு வாயைத் தொறக்கக் கூடாது. ஆமான்னா ஹெட்போன் மேல வெரலால ஒரு தட்டு. இல்லன்னா ரெண்டு தட்டு. மைக்கைத் தட்டித் தட்டிப் பழகின வெரலுதானே, எனக்கு 'டொக்'குன்னு தெளிவாக் கேக்கும். இதுல ஒரு கூத்து, அந்த ஹெட்போனை ரெண்டு தடவை தட்டினாப் போனே கட்டாயிரும், அதோட அமைப்பு அப்பிடி. அவரு இல்லன்னு சொன்னாலே லைன் போயிரும். திரும்ப அடிப்பேன். மகள் அதை மாத்திக்கலாம்னா. வேணாம்னுட்டோம், பழகிப்போச்சு.

சாயங்காலமானா அவரு கொட்டகையில வயரு சுத்துவாரு, நான் இங்க ஹெம்மிங் பண்ணிக்கிட்டே பேசுவேன். என்னத்தையோ பேசுவேன். மழை கொட்டினாலும் லாரி போனாலும் அவருக்கு என் பேச்சு மட்டும் போயிச் சேரும். சார்ஜு ஒரு தடவை போட்டா ரெண்டு மூணு நாளைக்கு நிக்குது, எங்க வீட்டு இன்வெர்ட்டருகூட அவ்வளவு நேரம் நிக்கறதில்ல. அந்த ஹெட்போனைக் கண்டுபிடிச்சவங்க நல்லா இருக்கணும்னு எத்தனையோ தடவை நெனச்சிருக்கேன்.

ஆனாச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லல. வழி கெடைச்சப்பறந்தான் தெரிஞ்சுச்சு, தெருவை மட்டும் காரணம் சொல்லி ஏமாத்திக்கிட்டிருந்திருக்கேன்னு. தினமும் போனை எடுப்பேன், உப்பு, நூலு, மகள் கல்யாணம்னு சுத்திச் சுத்தி வந்து வச்சிருவேன்.

கார்த்திகை பொறந்து ஒருநாள் சாயங்காலம். பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல ஒக்காந்து முருங்கக்கீரை உருவிக்கிட்டிருந்துச்சு. எனக்கு ஒரு ஜாக்கெட் தைச்சு முடிச்சுப் போட்டுப் பாத்தேன். எடது பக்கம் அந்த எடத்துல தையல் உறுத்துச்சு. கட்டி வளந்திருக்கு. துணியை மடிச்சு வச்சுட்டுப் போனை அடிச்சேன்.

"வாயைத் தொறக்காதீங்க"ன்னேன்.

டொக்.

"எடது மாருல ஒரு கட்டி இருக்கு. ஆடி மாசத்துலேருந்து இருக்கு. இப்பப் பெருசாயிருச்சு."

ஒண்ணும் வரல. "கேட்டுச்சா?"

டொக்.

"யாருக்கும் தெரியாது. மகளுக்கும் சொல்லல."

டொக்.

"எனக்குப் பயமா இருக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்வாங்களோ. வலி இல்ல. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், விட்டுருவமா?"

டொக் டொக். லைன் கட்டாயிருச்சு.

போனைக் கையில வச்சுக்கிட்டு அப்பிடியே ஒக்காந்திருந்தேன். அவரு கொல்லைப் பக்கமா வந்து வாசப்படியில நின்னாரு. கையெல்லாம் வயரு அழுக்கு. என்னையவே பாத்தாரு. வாயைத் தொறக்கல. தொறந்தா என்ன சத்தத்துல வருமோன்னு அவருக்கே பயம். அப்பறம் விறுவிறுன்னு தெருவாசலுக்குப் போயி நின்னு, மறுநாளு ஆர்டர் குடுத்திருந்த ஆளுக்குப் போன் போட்டு, இருக்கற தொண்டையெல்லாம் தொறந்து சொன்னாரு. "நாளைக்குத் திருச்சிக்குப் போறோம். ரெண்டு பேரும் போறோம். புது ஆம்ப்ளிஃபையர் வாங்கணும். வேற செட்டு பாத்துக்கங்க."

கீரை உருவின அக்கா எட்டிப் பாத்து, "என்னம்மா, புது ஆம்ப்ளிஃபையரா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். எங்க தெருவுக்குத் தெரியாம எங்க வீட்டுல ஒரு விசயம் நடந்தது அன்னைக்குத்தான். பொய்யையும் சத்தமாச் சொன்னா ஊரு நம்பிரும்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு.

கெட்ட கட்டிதான்னு பரிசோதனை பண்ணிச் சொன்னாங்க. ஆனாச் சின்னது, எங்கயும் பரவல, நல்லவேளையா இப்ப வந்தீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா என்னன்னு கேட்டேன். அதை ஏன் இப்பக் கேக்குறீங்கன்னு பேச்சை மாத்திட்டாங்க. மகளுக்கு அப்பறந்தான் சொன்னோம். அழுதா, திட்டினா, லீவு போட்டு வந்து ஆப்பரேசன் வரைக்கும் கூட இருந்தா.

பொம்பளைங்க வார்டுல ஆம்பளைங்களை விட மாட்டாங்க. அவரு கீழ கேன்டீன் பக்கத்துல ஒரு சிமெண்டு பெஞ்சில ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. ஆம்புலன்சு வரும் போகும், கேன்டீன்ல தட்டு விழும், நூறு பேரு பேசுவாங்க. நான் மேல கட்டில்ல படுத்துக்கிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேக்காம அவருகூடப் பேசுவேன். இருபத்தெட்டு வருசப் பாக்கி எல்லாம் பேசினேன். கல்யாணத்துக்கு மறுநாளு ஒங்க அம்மா என்னைய இப்பிடிச் சொன்னாங்களே, நெனப்பு இருக்கான்னு கேட்டேன். டொக் டொக். பொய்யி, நல்லா நெனப்பு இருக்கும். திரும்ப அடிச்சேன்.

அப்பறம் கரண்டு வைக்க, அதான் ரேடியேசனுக்கு, பல வாரம் தினமும் திருச்சிக்குப் பஸ். எங்க பக்கத்து பஸ்ஸு தெரியுமில்ல, அதுக்குள்ள பாட்டு, வெளிய ஹாரன், கம்பி எல்லாம் கடகடக்கும். மூணாம் நாளு, ஒடம்பு முடியாம நான் ஜன்னல்ல சாஞ்சிருக்கறப்ப, அவரு கழுத்துலேருந்து அதைக் கழட்டி என் காதுல மாட்டிவிட்டாரு. அதுவரைக்கும் நான் மாட்டிப் பாத்ததே இல்ல. அப்பிடியே பஸ்ஸு பஞ்சுல ஓடற மாதிரி ஆயிருச்சு. பாட்டு எங்கயோ போச்சு. கம்பிச் சத்தம் போச்சு. நான் மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு. விராலிமலை தாண்டறதுக்குள்ள தூங்கிட்டேன். அவ்வளவு வாரமும் அதை என் காதுல மாட்டிட்டு, அந்தப் பஸ்ஸுச் சத்தத்துல அவரு வெறுங் காதோட ஒக்காந்து வந்தாரு. எனக்குத்தான் கேக்காதேம்பாரு.

எல்லாம் முடிஞ்சு, சில மாசங் கழிச்சு ஸ்கேனும் மத்ததும் எடுத்து, முடிவு பாக்கப் போனோம். டாக்டரம்மா அறைக்குள்ள என்னைய மட்டுங் கூப்பிட்டாங்க. அவரு வராந்தாவோட அந்தக் கடைசியில, டோக்கனுக்குக் காத்திருக்கற கூட்டத்துக்கு நடுவுல ஒக்காந்திருந்தாரு. ரிப்போர்ட்டை ரெண்டு தடவை பெரட்டிப் பாத்துட்டு டாக்டரம்மா சிரிச்சாங்க. "சுத்தமா இருக்கும்மா. ஒண்ணுமில்ல. ஆறு மாசங் கழிச்சு வாங்க."

வெளிய வந்தேன். முப்பது அடி எடுத்து வச்சா அவரு. ஆனா எனக்கு மொதல்ல போன்லதான் சொல்லணும்னு இருந்துச்சு. அறை வாசல்லயே நின்னு அடிச்சேன். அந்தக் கூட்டத்துக்குள்ள அவரு தலை நிமிந்துச்சு. என்னையத் தேடுறாரு, ஆனாக் காணல.

"வாயைத் தொறக்காதீங்க"ன்னேன்.

டொக்.

"ஒண்ணுமில்லயாம். சுத்தமா இருக்காம்."

தட்டு வரல. ஆளு எந்திரிச்சு நின்னுட்டாரு.

"ஒண்ணுமில்லயா?" அந்த வராந்தா முழுக்க முழங்குச்சு. குழாய் கட்டினாக்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது. கூட்டமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. கைக்கொழந்தை ஒண்ணு அழ ஆரம்பிச்சுச்சு. நர்ஸு ஓடி வந்து, "அய்யா, ஆஸ்பத்திரிங்க, சத்தம் போடாதீங்க"ன்னாங்க. அவருக்கு எங்க கேக்கும். காதுல ஹெட்போன். "ஏ புள்ள, நெசமாவா? ஒண்ணுமே இல்லயா?"

நான் போனைக் கட் பண்ணிட்டேன். வருசக்கணக்காக் கத்திப் பழகின தொண்டை. அந்தக் கடைசியிலேருந்து இந்தக் கடைசிக்கு, திருச்சி டவுனுக்கே கேக்கற மாதிரி, ஹெட்போனையும் மீறிப் போயிச் சேரட்டும்னு கத்திச் சொன்னேன்.

"ஒண்ணுமில்லங்க."